மே நடுப்பகுதி

மே நடுப்பகுதியில் அறிவிப்போம் என்று எழுதியிருந்தார்கள்.
முப்பத்தொரு நாள் கொண்ட மாதத்துக்கு நடு எது?
பதினாறாம் திகதி நண்பகல் என்று கணக்குப் போட்டேன்.
ஒட்டாவாவின் நண்பகலா, சஸ்கட்டூனின் நண்பகலா
என்பதில் கொஞ்ச நேரம் போனது.
பிறகுதான் பார்த்தேன், அது ஞாயிற்றுக்கிழமை.

நூலக வாசலில் அட்டையைத் தேய்த்தேன். சிவப்பு.
இன்னொரு தடவை. சிவப்பு.
கண்ணாடிக்கு அப்பால்
நாலு வருஷம் நான் குந்தியிருந்த ஜன்னலோர மேசையில்
ஒரு பெடியன் வாய் திறந்தபடி நித்திரை.
பஸ்ஸிலும் இப்போது முழுக் காசு.
நான் வளர்ந்துவிட்டேன் என்பது சாரதிக்குத் தெரிந்திருக்கிறது.

ஆரபி கல்கரிக்குப் போனாள், வேலை கிடைத்து.
மெய்லின் வான்கூவருக்குப் போனாள், கிடைக்காமல்.
குளிர்சாதனப்பெட்டியில் அவளுடைய சோயா சோஸ், பாதி.
அதை நான் தொடவில்லை, எறியவுமில்லை.
மூன்றாகப் பிரிந்த வாடகை
பிரியாமல் என்னிடம் வருகிறது.

பகலில் எட்டாம் வீதியில் நாற்று விற்கிறேன்.
பச்சை ஏப்ரன். மார்பில் 'யது' என்று மட்டும்,
மிச்சப் பெயருக்கு அந்தப் பட்டையில் இடம் போதவில்லை.
ஏரிப் பாசிகளைப் பற்றி நூற்றிப்பன்னிரண்டு பக்கம் எழுதியவள்
என்பது மனேஜருக்குத் தெரியும்.
அதனால்தான் தண்ணீர்க் குழாயை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்.

வருகிற எல்லோருக்கும் ஒரே கேள்வி:
தக்காளியை இப்போது நடலாமா?
கூடாது என்கிறேன். நீண்ட வார இறுதி போகட்டும்,
உறைபனி இன்னும் ஒருதரம் வரும், பொறுங்கள்.
எவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன்!
சொல்லிவிட்டு உரமூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கி
போனைத் திறக்கிறேன்.

ஒன்று வந்திருக்கிறது.
பல்கலைக்கழகத்திலிருந்து.
பட்டம் பெற்றதற்கு வாழ்த்துகள்,
உங்கள் மின்னஞ்சல் கணக்கு முப்பத்தோராம் திகதி மூடப்படும்.
விண்ணப்பத்தில் நான் கொடுத்த விலாசம் அது.
அது மட்டும்தான்.
ஒட்டாவாவுக்கு அழைத்தேன். நாற்பது நிமிஷம் பியானோ.
பிறகு ஒருத்தி, என் புது விலாசத்தை
எழுத்து எழுத்தாகக் கேட்டு, குறித்துக்கொண்டேன் என்றாள்.
எதில் குறித்தாள்?
இரவு முழுக்க ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள்
யாருடைய திரை ஓரத்திலிருந்தோ கழன்று விழுந்துகொண்டே இருந்தது.

ஏஜாக்ஸிலிருந்து அம்மா எடுப்பா.
முந்தியெல்லாம் "ஏதும் வந்ததோ?" என்பா.
இப்போது, "அங்கை குளிர் விட்டுட்டுதோ பிள்ளை?"
இன்னும் இல்லை அம்மா, என்கிறேன்
இருபத்திரண்டு பாகை வெயிலில் நின்றபடி.
"சரி. சாப்பிடு."

பதினாறு போனது. பதினேழும்.
பதினெட்டு இரவு உண்மையாகவே உறைபனி விழுந்தது.

காலையில் கடை திறக்க முன்னமே வாசலில் ஒருவர்.
போன கிழமை நான் சொல்லச் சொல்லக் கேளாமல்
ஆறு தக்காளி கொண்டுபோனவர்.
கையில் கறுத்து மடிந்த ஒரு செடி, சாட்சிக்கு.
சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.
இன்னும் ஆறு, என்றார்.
இன்னும் ஒரு கிழமை பொறுத்தால், என்று தொடங்கினேன்.
தெரியும், என்றார்.
விலைக் கழிவு உண்டா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
முழுக் காசும் எண்ணி வைத்துவிட்டு
ஆறையும் குழந்தைகளைப் போல முன் ஆசனத்தில் ஏற்றினார்,
பெல்ட் போடாத குறை.

கறுத்தது என் மேசையில் கிடந்தது.
பழக்கதோஷம், நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தேன்.
அடியில், மண்ணோடு ஒட்டிய இடத்தில்
பச்சை மாதிரி ஏதோ.
மாதிரித்தான். நுணுக்குக்காட்டி இல்லாமல்
அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது.

ஏப்ரன் பையில் போன் அதிர்கிறது.
இரண்டு கையும் சேறு. துடைக்கிறேன், போகவில்லை.
விரலைத் திரை ஏற்கவில்லை.
குனிந்து
மூக்கு நுனியால்
தொடுகிறேன்.