வாளி

ஓர்ஹேய் பக்கம் ஒரு நிலவறை.
மார்ச் முடிந்தும் மூச்சு புகைகிறது.
இந்த நாட்டின் பெயரே இன்னும் நாக்கில் பழகவில்லை எனக்கு.

அக்லாயா ஊற்ற ஊற்ற
சுழற்றி, முகர்ந்து, உறிஞ்சித்
துப்புகிறேன் வாளியில்.
"செர்ரி. ஈரத் தோல். கடைசியில் கொஞ்சம் புகை."
எழுதிக்கொள்கிறேன்.
அவள் வாளியையே பார்க்கிறாள்.

"அது ஆலங்கட்டி விழுந்த வருஷத்தது.
பாதிக் கொடிதான் மிஞ்சியது.
இப்போது நீங்கள் துப்பியது
அந்த மீதியில்."

ஐந்தாவது, சீட்டு ஒட்டாத புட்டி.
ஃபெதியாஸ்கா நெயாக்ரா:
கருங்கன்னி என்று பொருளாம்.

வாயில் வைத்தேன்.
பழம் ஏதாவது சொல்ல வேண்டும்.
பேனா மூடியபடியே கிடந்தது.

எட்டி வாளியைப் பார்த்தாள் அக்லாயா.
ஒன்றும் சொல்லாமல் போய்
பீப்பாயில் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்த விலையை
உள்ளங்கையால் அழித்துக்
கூட்டி எழுதினாள்.