சுன்னா

ஆரம்பாக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை.
வடக்கே நடந்தால் ரெண்டு பீடி தீருமுன் ஆந்திரா.
பட்டா, ஆதார், இறப்புச் சான்று
எல்லாம் என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்து போனவை.
எதைப் பார்த்தும் நான் பணக்காரன் ஆனதில்லை.

பெஞ்சலம்மா கொண்டுவந்தது ஒரு சம்பளச் சீட்டின் முதுகு.
மஸ்தானய்யா எழுதியது, பச்சை மையில்.
தடா கம்பெனியில் ஓவர்டைம் பார்த்த காசை
தொட முடியாத நாணயமாக வாங்கிப்போட்டுவிட்டுப்
போன புரட்டாசியில் லாரிக்கு அடியில் போனவர்.
"இதான் சாவின்னாரு.
எந்தப் பூட்டுக்குன்னு சொல்லலை."

எண்ணினேன். ஐம்பத்திரண்டு எழுத்து, முதல் எழுத்து கே.
அளவு சரி.
உள்ளே முப்பத்திரண்டு பைட்,
பிரித்துப்போட்டால் இருநூற்று ஐம்பத்தாறு ஆமா-இல்லைகள்.
கடைசி நான்கு பைட் எளாவூர் சோதனைச்சாவடி மாதிரி:
சரக்கு ஒன்று சீட்டு ஒன்று என்றால்
வண்டியைத் திருப்பிவிடும்.

ஆனால் மஸ்தானய்யாவினுடையது தெலுங்குப் பள்ளிக்கூடத்துக் கை.
எல்லாமே உருண்டை.
இந்த வட்டம் பூஜ்யமா, பெரிய ஓவா, சின்ன ஓவா?
"சுன்னா" என்றாள் விரல் வைத்து.
அவர்களுக்குப் பூஜ்யமும் சுன்னா,
எழுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டும் வட்டமும் சுன்னா.
நாம் மட்டும் என்ன?
ஒன்றைக் க என்றும் எட்டை அ என்றும் எழுதியவர்கள்.
காலை ரகரமாக வாசித்து
ஒரு கல்யாணப் பத்திரிகையே கெட்டிருக்கிறது என் கையால்.

இந்தச் சாவிக்கு எழுத்து வகுத்தவன்
கையெழுத்து மோசமானவனாக இருக்கவேண்டும்.
அறுபத்திரண்டில் நான்கை வாசலிலேயே நிறுத்திவிட்டான்.
பூஜ்யம் கிடையாது. பெரிய ஓ கிடையாது.
பெரிய ஐ, சின்ன எல், கிடையவே கிடையாது.
ஆக, வட்டம் என்றால் சின்ன ஓதான்.
வெறும் கோடு என்றால் ஒன்றுதான்.
சந்தேகப்பட இடம் வைக்கவில்லை.

நாற்பத்தோராவது எழுத்தில் மட்டும் தேங்காய் எண்ணெய்.
இருக்கும் எழுத்து ஐம்பத்தெட்டு, ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
முப்பது தடவை சாவடி போ போ என்றது.
அடுத்ததில் கட்டையைத் தூக்கியது.

சாவியிலிருந்து விலாசம் வரும்:
இருபது பைட், ஒன்றில் தொடங்கும் முப்பத்துநாலு எழுத்து.
விலாசத்திலிருந்து சாவி வராது.
மாவை எத்தனை சலித்தாலும் அரிசி ஆகாது.
விலாசத்தை நடுரோட்டில் எழுதி ஒட்டலாம்.
போனில் அதைத் தேடினேன். தொகை தெரிந்தது.
தொகையைச் சொல்ல மாட்டேன்.

அப்போதுதான் உறைத்தது.
பட்டாவைப் பார்த்தவனுக்கு நிலம் வராது.
இதைப் பார்த்தவனுக்கு வரும்.
அவளுக்கும் உறைத்திருக்கவேண்டும்,
சீட்டை மடித்து உள்ளங்கையில் மூடினாள்.

"புதுச் சாவி போடணும்மா, நான் பாக்காதது.
போட்டு, காசை அங்க மாத்திரணும்."
பழைய லேப்டாப்பில் நெட்டைப் பிடுங்கி
அவள் பக்கம் திருப்பிவைத்து ஒரு ரூபாய் நீட்டினேன்.
என் கல்லாக் காசு வேண்டாம் என்று
தன் பர்ஸில் தேடி ஒன்று எடுத்தாள்.

பூ விழுந்தால் ஒன்று. தலை விழுந்தால் பூஜ்யம்.
இருநூற்று ஐம்பத்தாறு தடவை.
நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
சுண்டும் சத்தம், மேஜையில் விழும் சத்தம்,
ஒற்றை விரலால் ஒரு தட்டு.
நெல்லூர் பஸ் வந்து ஆளிறக்கிப் போனது.
யாரோ வந்து ரேஷன் கார்டு ரெண்டு காப்பி என்றார்,
அப்புறம் வாங்க என்றேன், திரும்பாமல்.

நூற்றுப் பன்னிரண்டில் காசு உருண்டு
மெஷினுக்கு அடியில் போயிற்று.
குனிந்து ஸ்கேலால் தள்ளி எடுத்தேன்.
பூ.
"அது செல்லாது" என்றாள், வாங்கிக்கொண்டே,
"நீங்க பாத்துட்டீங்க."
மறுபடி சுண்டினாள்.