பதினோரு மாதம்

இருபது ரூபாய்ப் பத்திரத்தில்
பதினோரு மாதம் என்று எழுதியிருக்கிறது.
இது நாற்பத்து மூன்றாவது மாதம்.

குழித்துறை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் வக்கீல் ஷைனிபாய்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:
கரண்ட பிடுங்கப்பிடாது, கேட்டியளா அக்கா.
கிணத்து மோட்டாரத் தொடப்பிடாது.
அவன் வெளிய போன நேரம் பாத்து
பூட்ட மாத்தலாமின்னு ஒங்க தம்பி சொல்லுவாரு.
அந்தப் பூட்டோட
கேஸும் அவனுக்குப் போவும்.

பிறகு நோட்டீஸ்.
மஸ்கட்டில் இருபத்தொரு வருஷம்
நைட் டூட்டி பார்த்துக் கட்டிய வீட்டை
நான்கு எல்லையில் அடக்கினாள்:
கிழக்கே சானல், வடக்கே ரப்பர் தோட்டம்,
தெற்கே பொதுவழி, மேற்கே சபைக் கல்லறை.
நான் நட்ட சாம்பை மரத்துக்கு
அதில் இடம் வரவில்லை.

பதிவுத் தபால் ஒன்பதாம் நாள் திரும்பியது.
மேலே சிவப்பு மையில்:
பெற்றுக்கொள்ள மறுப்பு.
நல்லதாச்சு, என்றாள் ஷைனிபாய்.
மறுப்பதும் கையில் கிடைத்ததற்குச் சமமாம்.
அந்தக் கவரில்தான்
அவன் முழுப்பேரை நின்று படித்தேன்:
செ. ஏசுவடியான் ஜெபமோன்.
இத்தனை நாளும் எனக்கு அவன்
ஷீட்டுக்காரன்.

மனு, சத்தியப் பிரமாணம், வில்லங்கச் சான்று,
கரம் தீர்த்த ரசீது,
கடைசியாக வாடகை விழுந்த மாதம் தெரிய
பாஸ்புக் நகல்.
வீடு இப்ப எதுக்கு வேணும்? என்று கேட்டாள்.
இருக்க, என்றேன்.
'சொந்த உபயோகம்' என்று தலைப்பிட்டு
மூன்று பத்தி எழுதினாள்.

வாய்தா.
ஜட்ஜுக்கு லீவு.
வாய்தா.
அவன் வக்கீலுக்கு வயிற்றுவலி.
பிறகு ஒரு மழையில் சப்பாத்து முங்கி
நானே போகவில்லை.

வராந்தா பெஞ்சில் ஒரு முனையில் நான்,
மறுமுனையில் அவன்.
நடுவே அவன் பெண்டாட்டி, மடியில் ஒரு பொடிசு,
இரண்டு கன்னத்திலும் சாம்பக்காய்.
'நல்ல இனிப்பாக்கும் சிஸ்டர்,
ஒண்ணு எடுங்க' என்று பையை நீட்டினாள்.
எடுத்தேன்.
இனிப்புதான்.

இன்றைக்கு மார்த்தாண்டத்தில்
நான் வாடகைக்கு இருக்கும் மாடிப்படி ஏறி
தபால்காரர் வந்திருக்கிறார்.
அனுப்புநர் இடத்தில் என் வீட்டுக்காரர் பேர்.
மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்,
சித்திரையிலேயே ஒரு தடவை சொன்னார்.
பிரிக்காமலே தெரியும்
உள்ளே மூன்று பத்தி.

ஒப்பிட நீலப் பேனாவை
நீட்டிக்கொண்டு நிற்கிறார்.
அவர் சட்டைப்பையில்
சிவப்பும் இருக்கிறது.