ஒரு தௌ

கொக்குவில் ரயில் கடவைக்கு இப்பால் என் கடைச்சல் பட்டறை.
செவ்வாய் பின்னேரம், கரண்ட் வந்து கால் மணித்தியாலம்.
பேர்கனிலிருந்து வந்த பிரதாபன் போனை நீட்டினான்:
ஒரு படம், நாலு இலக்கம்.
பித்தளையில் ஒரு வளையம்,
நடுத்துளை ஆறு தசம் ஆறு,
வேணியரின் தாடையில் கொழுவ ஒரு பக்கம் வெட்டு.

என்னத்துக்கு என்று நான் கேட்பதில்லை.
ஒரு காலத்தில் கேட்காமலிருப்பது
இந்தத் தொழிலில் பாதி.
அவனாகவே சொன்னான்.

அங்கே முந்நூறு மீற்றரில்
கடதாசிக்குச் சுடுகிற போட்டியாம்.
பனிக்காலம் முழுக்க நிலவறையில் இருந்து
சுட்ட கோதுகளுக்குத் திரும்ப மருந்து நிறுத்துப் போட்டு
சன்னங்களை ஒவ்வொன்றாகக் கழுத்துக்குள் இறக்குவானாம்.

"எவ்வளவு ஆழம் இறங்குது எண்டதிலதான் அண்ணை எல்லாம்.
கோதை விட்டுக் கிளம்பின சன்னம்
குழலின்ர புரியைத் தொடமுன்னம்
ஒரு சின்ன வெளியைப் பாயவேணும்.
அந்தப் பாய்ச்சல் மூண்டு தௌ மாறினாலும்
சிலநேரம் அஞ்சு ஓட்டையும் அஞ்சு திசை."

தௌ.
ஆயிரம் கூறிட்ட அங்குலத்தில் ஒரு கூறு.
என் வாயில் தினமும் கிடக்கிற சொல்.
தண்ணிப்பம்பு அச்சுக்கும் லான்ட்மாஸ்டர் புஷ்ஷுக்கும்
நான் சொல்கிற அதே சொல்லை
அவன் வாயில் கேட்க
எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தேன்.

"நுனியில அளக்கப்படாது," என்றான்.
"நுனி ஒவ்வொண்டும் ஒவ்வொரு மாதிரி.
தோள் வளையத் தொடங்கிற இடத்திலதான் அளவு.
அதுக்குத்தான் இந்த வளையம்."

துளையிட்டேன், ரீமர் விட்டேன்.
பித்தளை சுருள் சுருளாய் விழுந்தது.
அளந்து பார்த்தால் இரண்டு தௌ கூடிவிட்டது.
உள்ளதைச் சொன்னேன்; வேறொன்று கடைந்து தருகிறேன் என்றேன்.
அவன் சிரித்தான்.
"பரவாயில்லை. எத்தினை எண்டது முக்கியமில்லை அண்ணை,
ஒவ்வொருமுறையும் அதே எண்டதுதான் முக்கியம்.
ஒரே பிழை எப்பவும் ஒரேமாதிரி இருந்தா
அது பிழையில்லை."

இதை நான் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தேன்,
கரைவதாயில்லை.

இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன். ஐயாயிரம் தந்தான்.
மிச்சத்தை எண்ணிக் கையில் வைத்தேன்.
போகும்போது தகரக் கதவில் பெருவிரல் அளவு ஓட்டையைக் கண்டு
"கறையானோ?" என்றான்.
தகரத்தில் கறையான்.
ஓம் என்றேன்.

அவன் போனபின்
பின்சுவரில் நாட்காட்டியைக் கழற்றினேன்.
சன்னம் அங்கேயே இருக்கிறது, பின்பக்கம் தெரிய.
இதை இறக்கியவன்
எந்த நிலவறையிலும் இருந்திருக்க மாட்டான்.
எந்த மருந்தையும் நிறுத்திருக்க மாட்டான்.
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
நிமிடத்துக்கு இத்தனை என்று விழுந்த கோது.
பாய்ச்சல் எத்தனை தௌ என்று ஆருக்குத் தெரியும்?
குறி என்று ஒன்று இருந்ததா
என்பதும் தெரியாது.

கதவின் ஓட்டையிலிருந்து சுவரின் ஓட்டைக்கு
நூல் பிடித்தேன். பதினொரு அடி நாலு அங்குலம்.
நூல் போகிற வழியில் ஒரு ஸ்டூல்.
இன்றும் அதே இடத்தில்தான் போட்டிருக்கிறேன்.
ஆட்கள் வந்தால் வேறு கதிரை கொடுப்பேன்.
அதைப்பற்றி அவன் கேட்கவில்லை.

டெப்த் கேஜை எடுத்தேன்.
இத்தனை வருடத்தில் தோன்றாத வேலை.
சுவர் முகப்பிலிருந்து சன்னத்தின் முதுகு மட்டும்:
பதினெட்டு மில்லிமீற்றர்.
திரும்ப வைத்தேன், பத்தொன்பது தசம் இரண்டு.
மூன்றாம்முறை இருபதைத் தாண்டியது.
அது உள்ளே போகவில்லை.
சுண்ணாம்பு இடம்மாறி இடம்மாறி உதிர்கிறது,
அளவு கோல் நிற்க ஒரு தட்டை முகம் இல்லை.

நாட்காட்டியைத் திரும்ப மாட்டினேன்.
லேத்தின் கீழே பித்தளைச் சுருளைக் கூட்டி
பழைய பால்மா ரின்னில் போட்டேன்.
கரண்ட் போனது.