தடுக்கப்பட்டவை: எண்ணிக்கை

மானியப் படிவத்தின் ஏழாம் கேள்வி
இந்தக் காலாண்டில் தடுக்கப்பட்ட குற்றங்கள் எத்தனை
என்று கேட்கிறது.
பெட்டிக்குள் எண் மட்டும்தான் ஏறும்.
கோடு போட்டுப் பார்த்தேன், ஏற்கவில்லை.
தெரியாது என்று தட்டினேன்,
சிவந்து கோபித்துக்கொண்டது.

மற்றதெல்லாம் எளிது.
ஒளிரும் மேலங்கி பன்னிரண்டு,
அதில் நான்கு எவருக்கும் பொருந்தாத அளவு.
டார்ச் லைட் ஆறு. பேட்டரி.
அஸ்மான் வாங்கிய கொசு மருந்துக்கு ரசீது இல்லை,
ஆகவே கொசு மருந்தும் இல்லை,
கடித்த கொசுவும் இல்லை.
ஆயிரத்து இருநூறு வெள்ளியில்
மிச்சம் பதினேழு வெள்ளி நாற்பது காசு.
திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஆண்டு குறைப்பார்கள்,
செலவழித்துவிடு என்கிறார் மேடம் கோ.
எதற்கென்றுதான் யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு
ஈசூனில் எங்கள் புளோக்கின்
தபால்பெட்டிகளுக்கு எதிரே கூடுவோம்.
மின்தூக்கியில் உச்சிக்குப் போய்
படி வழியே இறங்குவது வழக்கம்.
பூட்டாத சைக்கிள் இருந்தால்
கைப்பிடியில் ஒரு சீட்டுக் கட்டவேண்டும்,
இது திருடுபோயிருக்கலாம் என்று, நான்கு மொழிகளில்.
தமிழில் மட்டும் ஒரு கால் விடுபட்டு
'இது திருடுபேயிருக்கலாம்' என அச்சாகியிருந்தது.
பேனா எடுத்துக் கால் வைத்துக் கொடுத்தேன்
நூற்று இருபது பேய்களுக்கும்.

மே மாதம் மூன்றாவது சுற்று.
பதினொன்றுக்கும் பத்துக்கும் நடுவே
படித் திருப்பத்தில் சாய வாடை.
என் டார்ச் முதலில் கண்டது சிவப்பு டப்பா.
அடுத்து ஒரு முழங்கால்.
யாரோ வாங்கிய கடனுக்கு
யாருடைய கதவிலோ ஊற்றிவிட்டு வர
யாரோ அனுப்பிய பையன்.
முகத்தைப் பார்க்கவில்லை என்று போலீசிடம் சொன்னேன்.
அது உண்மை.
ஓடிவிட்டான். ஒரு செருப்பு தங்கிவிட்டது.

மூடி பாதி நெம்பிய டப்பாவை
உறையிலிட்டு எடுத்துப்போனார்கள்.
செருப்பு என் துணிப்பைக்குள் ஏறியதை
யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
வலது கால். ஆறாம் அளவு. நீல வார்,
குதிகால் ஒருபக்கமாய்த் தேய்ந்தது.

அன்றிரவு
வீட்டுக் கதவைத் திறக்குமுன்
வாசல் அலமாரியில் எண்ணினேன்.
ஆறாம் அளவில் மூன்று ஜோடி.
ஒவ்வொன்றுக்கும் துணை இருந்தது.
பிறகுதான் சாவியை நுழைத்தேன்.
துருவன் கணக்குப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து
தூங்கிக்கொண்டிருந்தான்.
குனிந்து அவன் உள்ளங்கால்களைப் பார்த்தேன்.
இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

மறுவாரம் செருப்பைத்
தபால்பெட்டிகளின் கீழே சுவரோரமாய்
கால் நுழைக்க வாகாக வைத்தேன்.
பெருக்க வந்த ரஹ்மத்திடம்
தொடவேண்டாம் என்று சைகை காட்டினேன்.
அவர் அதைச் சுற்றிப் பெருக்கினார்.
ஞாயிறு இருந்தது.
திங்கள் சாரலில் நனைந்து இருந்தது.
புதன் காலை இல்லை.

எங்கள் சுற்றுக்கு உட்பட்ட இடத்தில்
எங்கள் கண்காணிப்பில் இருந்த பொருளொன்று
காணாமல் போயிருக்கிறது.
விதிப்படி நான் தெரிவிக்கவேண்டும்.
மூன்று நாளாய்
அதை நினைத்துத் தனியே சிரிக்கிறேன்.

ஏதாவது எண் போடு,
பத்து மணிக்கு இணையவாசல் மூடிவிடும் என்கிறான் அஸ்மான்.
ஐந்து போடு என்கிறார் கோ.
போன ஆண்டு நான்கு, ஒன்று கூடினால் வளர்ச்சி,
இரண்டு கூடினால் சந்தேகம்.
ஐந்து என்று போட்டேன்.
பெட்டி சிவக்கவில்லை.

மிச்சப் பணத்துக்குக்
கறுப்புப் பேனா இரண்டு டஜன் வாங்கியாயிற்று.
புதிய சீட்டுக் கட்டுகள் வந்திருக்கின்றன.
பிரித்துப் பார்த்தேன்,
இந்த முறையும் கால் இல்லை.