நாலு மில்லிமீட்டர்

சஹம். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே
கல்ஃபானின் எலுமிச்சைத் தோட்டம்.
செவ்வாய்தோறும் மஞ்சள் அட்டைகளைக் கழற்றுகிறேன்.
பசையில் ஈ, ஈசல் சிறகு, மணல்,
ஒருமுறை ஒரு பல்லிவால்.
நான் தேடவேண்டியது இவற்றுக்கிடையே
நாலு மில்லிமீட்டர் தத்துப்பூச்சி.
மூடிய சிறகுகள் சேரும் இடத்தில்
பேனா கசிந்ததுபோல்
ஒரு பழுப்புச் சாய்சதுரம்.

ஹிஷிமோனஸ்.
படிவத்தின் கட்டத்தில் பெயர் அடங்காது.
ஹி என்று போடுகிறேன்.
ஹி 7. ஹி 11.
சென்ற வாரம், 214ஆம் மரத்தில், ஹி 40.

லென்ஸுக்கு அடியில் குற்றவாளிக் களை ஏதுமில்லை.
பின்னங்கால் நெடுக முள்வரிசை.
அதைச் சீப்பாக்கி
தன் உடம்பிலேயே சுரந்த வெண்பொடியை
தலையிலிருந்து வால்வரை வாரிப் பூசிக்கொள்ளும்.
பொடியின் ஒவ்வொரு துகளும்
துளைபோட்ட வெற்றுப் பந்து.
பனி ஒட்டாது,
தன் எச்சத்தின் இனிப்புகூட ஒட்டாது.
என் பசை ஒட்டும்.

பெண் இலைநரம்பைக் கீறி முட்டையைச் செருகும்.
பொரிந்தது நண்டுபோல் பக்கவாட்டில் ஓடி
இலைக்குப் பின்னால் ஒளியும்.
ஐந்து சட்டை கழற்றினால்தான் சிறகு.
கழற்றிய சட்டைகளையும் எண்ணணுமா என்று கேட்டேன்.
வேண்டாம் என்றார் சூப்பர்வைசர்.
எண்ணுகிறேன்.

குடிக்கத்தான் வருகிறது.
நோயுற்ற கிளையின் சாற்றோடு
கண்ணுக்கெட்டாத ஒன்றையும் விழுங்கி
சில வாரம் வயிற்றில் சுமந்து
அடுத்த மரத்தில் எச்சிலோடு விட்டுவிடும்.
அப்புறம் அந்த மரம்
முள்ளை மறக்கும், பூவை மறக்கும்,
வெளிறிய குட்டி இலைகளாய்க் கொத்துக்கொத்தாய்த் தள்ளும்.
மிக்னஸா என்கிறார் கல்ஃபான்.
விளக்குமாறு.
நாலைந்து வருடத்தில் விறகு.

ஆய்வகத்து பத்ரியா ஒருநாள்
பழைய ரெக்கார்டு பிளேயரின் முள்ளைத்
தளிர்த்தண்டில் பொருத்தி
ஹெட்போனை என் காதில் மாட்டினாள்.
ர்ர்ர்… ட்க். ர்ர்ர்… ட்க்.
ஆண், என்றாள்.
காற்றில் ஒரு சத்தமும் இல்லை.
தண்டுக்குள் நடுங்கி, காம்பில் ஏறி,
மூன்று இலை தள்ளி இருப்பவளின்
கால்களுக்குப் போகிறது.
ஹெட்போனில் கொஞ்சம் மௌனம்.
பிறகு, மெலிதாக, வேறொரு ட்க்.

எனக்கு அது புதிதில்லை.
கேம்ப்பில் என் கட்டில் மேல்தட்டு.
கீழே ஷொஹிதுல் போனை இரும்புக் காலில் சாய்த்து வைப்பான்.
இரவு பதினொன்றுக்கு என் முதுகெலும்பு அதிரும்:
சில்ஹெட்டிலிருந்து அவன் மனைவி.
இரண்டு அதிர்வென்றால் காசு வந்தது.
விடாமல் அதிர்ந்தால்
நான் எழுந்து அவனை உலுக்கவேண்டும்.

இன்று காலை 214ஐ வெட்டச் சொன்னார்கள்.
முதலில் மருந்தடிக்கவேண்டும்;
மருந்து வண்டி இன்னும் சோஹாரில்.
நிழல் போவதற்குள் முடி, என்றார் சூப்பர்வைசர்.
ஷொஹிதுல் ரம்பத்தை இழுத்துக் கிளப்பினான்.
முதல் பல் பட்டதும்
வேரிலிருந்து நுனிவரை மரம் அதிர்ந்தது,
அவற்றின் மொழியிலேயே யாரோ கத்தியதுபோல.
நாற்பதும் தத்தின.
அறுபதும் இருக்கலாம், எண்ண முடியவில்லை.

215 பூத்திருந்தது.
அதில் புது அட்டை ஒன்று மாட்டினேன்.