மூன்று பன்னிரண்டு

ஒன்பது இரவுகளாக
சால்மன் கூண்டுகளுக்குக் காற்றூதும் பம்பு
நின்று நின்று எழுகிறது.
எப்போது என்றால், விடியுமுன் என்கிறது கம்பெனி.
ஏன் என்றால்
காவலாளி ரோசமெலின் பெயரைச் சொல்கிறது.

பட்டறையிலிருக்கும் பழைய அலைகாட்டி
பதினான்கு கிலோ.
அதைப் படகில் ஏற்றினால்
நான் கரையில் நிற்க வேண்டியதுதான்.
தவிர, அது நொடிக்கு நொடி மறக்கும் பிராணி.
பச்சைக் கோடு துள்ளும், நான் தும்முவேன்,
நிமிர்ந்தால் வேறு கோடு.
பார்த்தேன் என்று சத்தியம் செய்யலாம்.
யாரும் நம்ப வேண்டியதில்லை.

இம்முறை மழைக்கோட்டுப் பையில்
சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி.
திரை இல்லை, திருகும் குமிழ் இல்லை.
நான்கு காதுகள், ஒரு யூஎஸ்பி வால்.
மீதி எல்லாம் என் மடிக்கணினி;
அதன் மூடியில் என் மகன் ஒட்டிய பென்குயின்.

மிதவையின் மின்பெட்டியைத் திறந்தேன்.
ஒரு காது மெயின் கம்பியில்,
ஒன்று ஐந்து வோல்ட்டில்,
ஒன்று கட்டுப்பாட்டுப் பலகையின் ரீசெட் காலில்,
கடைசியாக, மின்னோட்டத்தைக் கவ்வும் இடுக்கி.
சார்ஜரைப் பிடுங்கிவிட்டு
பேட்டரிகளை வரிசையாக அடுக்கினேன்:
சுவரோடு கட்டிய கணினி
சுவரின் இரைச்சலையும் சேர்த்துச் சொல்லும்.

பிறகு தூங்கினேன்.
ஆம், கூலி வாங்கிக்கொண்டு தூங்கினேன்,
நாற்பது மீட்டர் ஆழத் தண்ணீருக்கு மேல்.
வட்டு விழித்திருந்தது.
ஒரு நொடி விடாமல் எழுதிக்கொண்டிருந்தது,
ஒன்றும் நடக்காததையும்.

காலையில் கெம்ச்சி கரை தெரியாத மழை.
கோப்பைத் திறந்து ரீசெட் விழுந்த இடத்தைத் தேடச் சொன்னேன்.
மூன்று பன்னிரண்டு.
விழுந்ததில் விசேஷமில்லை, எல்லாம் அப்படித்தான் விழும்.
எனக்கு வேண்டியது அதற்கு முன்.
விரலால் இழுத்தேன்,
இரவு பின்னால் நகர்ந்தது.

அங்கே ஒரு படி.
மின்னோட்டம் சட்டென ஒன்பது ஆம்பியர் ஏறி
மேசை போல் தட்டையாக நிற்கிறது.
அதே கணம் மெயின் அலை கூனுகிறது,
அதன் முகடு எலி கடித்த ரொட்டி.
இன்னும் பெருக்கினேன்,
ஆயிரம் மடங்கு;
இரவைத் திரும்ப நடத்தாமலே.
கடித்த இடங்களில் சின்னச் சின்னப் பொறிகள்.

"இது என்ன?" என்றார் ரோசமெல், தோளுக்கு மேலே குனிந்து.
"உங்கள் கெண்டி."
அவர் திரையைப் பார்த்தார்,
அடுப்பின் மேலிருந்த கெண்டியைப் பார்த்தார்,
மாத்தே குடிக்க வெந்நீர் வைத்ததை ஒப்புக்கொள்ளும் முகத்தோடு
தொப்பியைக் கழற்றினார்.
"அப்படியானால் நான்தானா?"

இல்லை.
கெண்டி கேட்டது ஒன்பது ஆம்பியர், அது அதன் நியாயம்.
கொடுக்க முடியாமல் பொறி கக்கியது
கடலுப்பு தின்ற நியூட்ரல் இணைப்பு.
திருகைத் தொட்டேன், பச்சைப் பொடியாக உதிர்ந்தது.

புவெர்த்தோ மோந்துக்குக் கோப்பின் அந்தத் துண்டை அனுப்பினேன்.
மேலாளர் ஓயார்சூன் தன் மேசையிலேயே
இழுத்தார், பெருக்கினார், பின்னால் போனார்.
ஒரு மணி நேரம் பதில் இல்லை.
பிறகு: "கம்பி எத்தனை மீட்டர் வேண்டும்?"
யாரும் என்னை நம்ப வேண்டியதில்லை,
இப்போதும்.

மன்னிப்பு என்ற சொல் எந்தச் சேனலிலும் வரவில்லை.

புது இணைப்பு போட்ட இரவும் பெட்டி கேட்டுக்கொண்டிருந்தது.
மூன்று பன்னிரண்டுக்கு அதே படி,
அதே ஒன்பது ஆம்பியர், நான்கு நிமிடம்.
அலை கூனவில்லை. பம்பு ஊதியது.
அறுபது கிகாபைட்டில் மீதியை அழித்துவிட்டேன்.
ஒரு மனிதர் தனியாக
வெந்நீர் கொதிக்கக் காத்திருந்த அந்த நான்கு நிமிடத்தை மட்டும்
வேறு பெயரில் வைத்திருக்கிறேன்.